பட்டம் வென்ற மறுநாள்

2003 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. பெர்னபேயு மைதானத்தில் அத்லெடிக் பில்பாவோவை 3-1 என்று வீழ்த்தி ஸ்பெயினின் கால்பந்து கிளப்பான ரியல் மாட்ரிட் தன் 29ஆவது லீக் பட்டத்தை வாங்குகிறது. கடைசி நாள் வரை விடாமல் துரத்திவந்த ரியல் சொசியடாடுக்கும் மாட்ரிட்டுக்கும் நடுவில் இருந்தது வெறும் 2 புள்ளிகள்.

மறுநாள், அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கிளப் அறிவித்தது. அவர் பெயர் விசென்டே டெல் போஸ்கே. அப்போது வயது 52. பதினேழு வயதுப் பையனாக அந்த கிளப்புக்குள் வந்தவர். ஆட்டக்காரர், சிறுவர்களுக்கான கோச், அகாடமிப் பொறுப்பாளர், பிரதான அணியின் கோச் என்று 35 ஆண்டுகள் அங்கேயே கழித்தவர். கிளப் தலைவர் புளோரென்டினோ பெரெஸ் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: டெல் போஸ்கே பழைய பாணிக்காரர், எங்களுக்கு நவீனமான ஒருவர் வேண்டும்.

மூன்றரை ஆண்டுகளில் 2 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை), 2 ஸ்பானிய லீக், இன்டர்கான்டினென்டல் கோப்பை, ஐரோப்பிய சூப்பர் கோப்பை, ஸ்பானிய சூப்பர் கோப்பை என்று 7 கோப்பைகளை வாங்கித் தந்தவரைப் பற்றிய பேச்சு இது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அதன் பிறகு 2010இல் அவர் ஸ்பெயின் அணியோடு உலகக் கோப்பையை வென்றது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பேச்சு இன்று வரை ஓயவில்லை. "கையில் ஜிடேனும் பிரேசிலின் ரொனால்டோவும் இருந்தார்கள், பிறகு ஷாவியும் இனியெஸ்டாவும் கிடைத்தார்கள். யார் உட்கார்ந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்." நானும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவர் ஆடிய காலத்திலிருந்து தொடங்குகிறேன். அதைத் தாண்டிப் போனால் கோச் டெல் போஸ்கே புரிய மாட்டார்.

1950 டிசம்பரில் சாலமாங்கா நகரில் பிறந்தவர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பை ஆதரித்ததற்காக சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியின் சிறையில் கிடந்தவர். அந்த வீட்டுப் பையன் 1968இல் மாட்ரிட்டுக்கு வந்தான். உடனே பெரிய அணியில் இடம் கிடைக்கவில்லை, வெளியூர் கிளப்புகளுக்கு இரவலாக அனுப்பினார்கள். அப்படிப் போன காஸ்டெயோன் என்ற சின்ன கிளப்போடு 1973இல் ஸ்பானியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார். அதில் தோற்றாலும், திரும்பி வந்ததும் மாட்ரிட் நடுக்களத்தில் இடம் கிடைத்தது. 1984 வரை அந்த இடத்தை விடவில்லை.

நெட்டையான உடம்பு, மீசை, வேகமில்லாத கால்கள். ஓடி ஆளைக் கடக்கிற ரகம் இல்லை. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிற ரகம். அன்றைய மாட்ரிட்டில் அவருக்குப் பக்கத்தில் ஆடியவர்கள் ஜெர்மனியின் நெட்சர், பிரைட்னர் போன்ற பெரும் பெயர்கள். கேலரி அவர்களைப் பார்க்க வந்தது. அவர்கள் முன்னே பாய்ந்துபோனால் பின்னால் காலியாகும் இடத்தில் போய் நிற்பது டெல் போஸ்கேயின் வேலை. 5 லீக், 4 ஸ்பானியக் கோப்பை, 400க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். ஸ்பெயின் அணிக்கு 18 ஆட்டங்கள். நட்சத்திரங்களோடு ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டு, அவர்களுக்கு என்ன வேண்டும், எதில் அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதையெல்லாம் இருபத்தி சொச்சம் வயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குக் கிடைக்காமல் போனது ஐரோப்பியக் கோப்பை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக். 1981 மே 27, பாரிஸ், பார்க் தே பிரான்ஸ் மைதானம், எதிரே லிவர்பூல். 82ஆவது நிமிடத்தில் ஆலன் கென்னடி என்ற இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் ஒரு கோல் போட்டார். 1-0. அதோடு முடிந்தது.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர் கிளப்பை விட்டுப் போகவில்லை. இளைஞர் பிரிவுக்குப் போனார். அங்கே சிறுவர்களைத் தேடுவது, சேர்ப்பது, வளர்ப்பது என்று பத்து ஆண்டுகளுக்கும் மேல். பிரதான அணியின் கோச் எவராவது நீக்கப்பட்டால், அடுத்தவர் வரும் வரை "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இவரைக் கூப்பிடுவார்கள். 1994இல் ஒரு முறை, 1996இல் ஒரு முறை. முடிந்ததும் பேசாமல் பழைய வேலைக்குத் திரும்பிவிடுவார். 1999 நவம்பரில் ஜான் டோஷக்கை நீக்கியபோது மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள். இந்த முறையும் தற்காலிகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தப் பருவத்தில் மாட்ரிட் லீக்கில் முடித்தது 5ஆவது இடத்தில். சாம்பியன்ஸ் லீக்கின் இரண்டாம் கட்டக் குழுவில் பயர்ன் முனிக்கிடம் 4-2, 4-1 என்று இரண்டு முறை உதை வாங்கியது. அடுத்து காலிறுதியில் எதிரே வந்தது நடப்பு சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட். மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. இரண்டாம் ஆட்டம் 2000 ஏப்ரல் 19, ஓல்டு டிராஃபர்டில்.

"பழைய பாணிக்காரர்" என்று அவரைச் சொல்கிறவர்கள் அந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நடுக்கள ஆட்டக்காரரான இவான் எல்கேராவைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு சென்டர் பேக்குகளுக்கு (நடுத் தடுப்பாட்டக்காரர்களுக்கு) நடுவில் நிறுத்தினார். மூன்று பேர் தடுப்பில் நின்றதால் ரொபெர்டோ கார்லோசும் மிச்செல் சல்காடோவும் இரண்டு விளிம்புகளிலும் பயமில்லாமல் மேலே ஏறினார்கள். 52 நிமிடங்களில் மாட்ரிட் 3-0. மூன்றாவது கோலுக்கு முன் இடது விளிம்பில் ரெடோண்டோ குதிகாலால் பந்தைத் தட்டி, எதிராளியைச் சுற்றி ஓடி, அதே பந்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்து ராவுலுக்குக் கொடுத்தார். அந்தக் குதிகால் தட்டைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. ரெடோண்டோ அவ்வளவு தூரம் மேலே போய் அப்படி ஒன்றைச் செய்துபார்க்கப் பின்னால் ஆள் இருந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. ஆட்டம் 3-2 என்று முடிந்தது. அரையிறுதியில் அதே பயர்னையும் தாண்டி, இறுதியில் வலென்சியாவை 3-0 என்று வென்றார்கள். அந்த இறுதி நடந்த இடம் பாரிஸை ஒட்டிய சான் தெனி. 1981இல் தோற்ற ஊரின் வாசலில், 19 ஆண்டுகள் கழித்து.

பிறகு ஃபிகோ வந்தார், ஜிடேன் வந்தார், ரொனால்டோ வந்தார். ஆண்டுக்கு ஒரு நட்சத்திரம். வாங்குவது தலைவர், பொருத்துவது டெல் போஸ்கே. இத்தனை பேரையும் முன்னால் விட்டுவிட்டு, பின்னால் குளோட் மக்கெலெலே என்ற ஒருவரை நிறுத்தினார். மக்கெலெலேயின் வேலை, மாட்ரிட்டில் இருபது ஆண்டுகளுக்கு முன் டெல் போஸ்கே பார்த்த அதே வேலை. 2003 கோடையில் டெல் போஸ்கேவை அனுப்பினார்கள், பெக்கமை வாங்கினார்கள், சம்பளத்தைக் கூட்டிக் கேட்ட மக்கெலெலேவை இங்கிலாந்தின் செல்சிக்கு விற்றார்கள். அடுத்து வந்த மூன்று முழுப் பருவங்களிலும் மாட்ரிட்டுக்கு லீக்கும் இல்லை, சாம்பியன்ஸ் லீக்கும் இல்லை. கோச்சுகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

டெல் போஸ்கே துருக்கியின் பெஷிக்டாஷ் கிளப்புக்குப் போனார். அது சரிவரவில்லை. 2005 ஜனவரியிலேயே அங்கிருந்தும் நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் எந்த அணியும் இல்லை. 2008இல் லூயிஸ் அரகோனெஸ் யூரோ கோப்பையை வென்றுவிட்டு விலகியபோது, ஸ்பெயின் அணி இவர் கைக்கு வந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2010 ஜூன் 16. எங்கள் கல்லூரி விடுதியின் பொது அறை. மாலை 7.30 மணி ஆட்டம் என்பதால் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தோம். ஸ்பெயின் - சுவிட்சர்லாந்து. ஐரோப்பிய சாம்பியன், தகுதிச்சுற்றின் 10 ஆட்டங்களையும் வென்று வந்த அணி. 52ஆவது நிமிடத்தில், கோல் வாசலில் நடந்த ஒரு தள்ளுமுள்ளில் ஜெல்சன் ஃபெர்னாண்டஸ் பந்தை உள்ளே தள்ளிவிட்டார். அதன் பிறகு ஸ்பெயின் தட்டியது, தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. அலோன்சோ அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 0-1.

அன்று இரவு எங்கள் அறையில் ஒரே வாக்குவாதம். எதற்கு ரெண்டு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்? 2008இல் மார்கோஸ் சென்னா ஒருத்தர் மட்டும்தானே பின்னால் நின்றார்? இவர் எதற்கு புஸ்கெட்ஸையும் ஷாபி அலோன்சோவையும் சேர்த்து நிறுத்துகிறார்? ஒருத்தரை எடுத்துவிட்டு ஃபாப்ரெகாஸைப் போடலாமே? நானும் இதையேதான் சத்தமாகச் சொன்னேன். ஸ்பெயினிலும் அன்று இதே பேச்சு. முன்னாள் கோச் அரகோனெஸ்கூட வெளிப்படையாகக் குறை சொன்னார். முதல் ஆட்டத்தில் தோற்ற எந்த அணியும் அதுவரை உலகக் கோப்பையை வென்றதில்லை. புஸ்கெட்ஸுக்கு அப்போது 21 வயது. சுவிஸ் ஆட்டத்தில் அவரை 61ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்து டோரஸை இறக்கியிருந்தார் டெல் போஸ்கே. இனி இந்தப் பையனுக்கு இடம் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த ஆட்டத்தின் பட்டியலில் புஸ்கெட்ஸ் இருந்தார். அலோன்சோவும் இருந்தார். அதற்கடுத்த ஆட்டத்திலும் அப்படியே. கடைசி வரை இருவரும் ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காரவில்லை. தான் இன்று ஆட்டக்காரனாக இருந்தால் புஸ்கெட்ஸைப் போல ஆட விரும்புவேன் என்று டெல் போஸ்கே சொன்னார். அப்போது அதை, அடிபட்ட பையனுக்கு ஒரு பெரியவர் சொன்ன ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன். அவர் எழுபதுகளில் எப்படி ஆடினார் என்று தெரிந்த பிறகுதான், அது ஆறுதல் இல்லை, தன் தொழிலைப் பற்றி அவர் நம்பியது அதுதான் என்று விளங்கியது. அலோன்சோ வேறு யாருமில்லை, 2003இல் டெல் போஸ்கேவின் மாட்ரிட்டைக் கடைசி நாள் வரை ஓட ஓட விரட்டிய அந்த சொசியடாட் நடுக்களத்தின் இளைஞர்தான்.

அந்த இருவர் நின்றதால் என்ன கிடைத்தது? வலது பக்கம் செர்ஜியோ ராமோஸ், இடது பக்கம் காப்டெவிலா, இரண்டு பேரும் மேலே போகலாம். பந்து பறிபோனால் பறிபோன இடத்திலேயே மறுபடி பிடுங்க இரண்டு பேர் அங்கே இருப்பார்கள். 7 ஆட்டங்களில் ஸ்பெயின் வாங்கிய கோல்கள் மொத்தம் 2. இரண்டுமே குழு ஆட்டங்களில். அதற்குப் பிறகு போர்ச்சுகல் 1-0, பராகுவே 1-0, ஜெர்மனி 1-0, நெதர்லாந்து 1-0. போட்டதும் மொத்தம் 8 கோல்தான். சலிப்பூட்டும் ஆட்டம் என்றார்கள். பராகுவே ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கார்டோசோவின் பெனால்டியை ஸ்பெயின் கோல்கீப்பர் கசியாஸ் பிடிக்கிறார். சற்று நேரத்திலேயே மறுமுனையில் ஸ்பெயினுக்கு பெனால்டி. அலோன்சோ அடித்துவிடுகிறார், செல்லாது என்று திரும்ப அடிக்கச் சொல்கிறார்கள், இம்முறை கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். எங்கள் விடுதியில் ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான், பார்க்க முடியவில்லை என்று.

இறுதி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12 மணிக்கு. அந்த ஆட்டத்தின் 116ஆவது நிமிடத்தை நான் பிற்பாடு எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கோல் போட்டவர் இனியெஸ்டா, அது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பந்து எங்கிருந்து புறப்பட்டது என்று பாருங்கள். ஸ்பெயினின் பாதியில், வலது விளிம்பில், ஹெசூஸ் நவாஸ் பந்தை எடுக்கிறார். ஆரஞ்சுச் சட்டைகள் ஒவ்வொன்றாகச் சூழ, விடாமல் ஓடுகிறார். நடுக்கோட்டைத் தாண்டியதும் பந்து சிதறி இனியெஸ்டாவிடம் போகிறது. அவர் குதிகாலால் தட்டுகிறார். ஃபாப்ரெகாஸ். மறுபடி நவாஸ். அங்கிருந்து இடது பக்கம் டோரஸ். டோரஸ் உள்ளே தூக்கிப் போட்ட பந்தை ஃபான் டெர் ஃபார்ட் தடுக்கிறார், ஆனால் முழுசாக விலக்க முடியவில்லை. அது ஃபாப்ரெகாஸ் காலில் விழுகிறது. அவரிடமிருந்து இனியெஸ்டாவுக்கு. ஒரு துள்ளல், ஒரு அடி.

நவாஸ் 60ஆவது நிமிடத்தில் இறங்கியவர். ஃபாப்ரெகாஸ் 87ஆவது நிமிடத்தில். டோரஸ் 106ஆவது நிமிடத்தில். அன்று இனியெஸ்டாவோடு சேர்ந்து அந்தக் கோலைக் கட்டியவர்கள் டெல் போஸ்கே இறக்கிய மூன்று மாற்று ஆட்டக்காரர்களும்தான். ஃபாப்ரெகாஸ் வந்தது யாருக்குப் பதிலாக? அலோன்சோவுக்குப் பதிலாக. ஒரு மாதமாக நாடே எடுக்கச் சொன்ன ஆளை, நெதர்லாந்துக்காரர்களின் கால் ஓய்ந்த பிறகு, 87ஆவது நிமிடத்தில் எடுத்தார். நாங்கள் கேட்டது ஜூன் 16 அன்று. அவர் செய்தது ஜூலை 11 அன்று. மாற்றம் ஒன்றுதான். எப்போது என்பதில்தான் அவர் கோச்சாக இருந்தார், நாங்கள் விடுதி அறையில் இருந்தோம்.

நவாஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செவில்லாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர். வீட்டை விட்டு நாள்கணக்கில் வெளியூர் போனால் அவருக்குக் கடுமையான பதற்றம் வந்துவிடும். பயிற்சி முகாம்களிலிருந்து பாதியில் வீடு திரும்பியிருக்கிறார். திறமை இருந்தும் தேசிய அணிப் பக்கமே வர முடியாமல் இருந்தார். சிகிச்சை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, 2009 நவம்பரில் டெல் போஸ்கே அணியில் முதல் ஆட்டம் ஆடினார். எட்டு மாதம் கழித்து, வீட்டிலிருந்து அத்தனை தொலைவில் ஜோகன்னஸ்பர்க்கில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த ஓட்டம். அதை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

2011 வசந்தத்தில் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் 18 நாட்களில் 4 முறை மோதி, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். தேசிய அணியே இரண்டாக உடையும் போலிருந்தது. ஆகஸ்டில் கைகலப்பே நடந்தது. அப்புறம் மாட்ரிட்காரரான கசியாஸ், பார்சிலோனாக்காரர்களான ஷாவிக்கும் புயோலுக்கும் தானே போன் செய்து பேசினார். கேப்டன் அப்படிப் போனை எடுக்கும் அளவுக்கு ஒரு நல்ல உடைமாற்று அறையை வைத்திருந்தவர் டெல் போஸ்கே என்பது என் எண்ணம். 2012 யூரோவில், கோல் போடுவதற்கென்றே முன்னால் நிற்கும் சென்டர் ஃபார்வேர்டே இல்லாமல் ஃபாப்ரெகாஸை முன்னால் விட்டு, இறுதியில் இத்தாலியை 4-0 என்று நொறுக்கினார்கள். உலகக் கோப்பை, யூரோ, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்தான். "பழைய பாணிக்காரர்" என்ற சொல்லுக்கு இதற்கு மேல் பதில் வேண்டுமா?

2014ஐ நான் மறைக்கப் போவதில்லை. பிரேசிலில் அவர் தன் பழைய ஆட்களையே நம்பிப் போனார். நெதர்லாந்திடம் 1-5. அடுத்து ஷாவியையும் பிக்கேவையும் வெளியே உட்காரவைத்தார், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஜூன் 18, மாராகானாவில் சிலியிடம் 0-2. இரண்டே ஆட்டங்களில் சாம்பியன் வெளியே. 2011இல் அவருக்கு மார்க்கீஸ் என்ற பிரபுப் பட்டம் கொடுத்த மன்னர் ஹுவான் கார்லோஸ் தன் முடிதுறப்பில் கையெழுத்திட்டதும் அதே நாளில்தான். 2010இல் புஸ்கெட்ஸைக் காப்பாற்றிய அதே விசுவாசம் 2014இல் அவரைக் கவிழ்த்தது. கோப்பை வாங்கித் தந்தவர்களை, அவர்கள் களைத்துவிட்டார்கள் என்பதற்காக மறுநாளே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அப்படி அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். கோச்சாக அது தவறுதான், நான் அதை ஒத்துக்கொள்கிறேன். 2016 யூரோவில் இத்தாலியிடம் 0-2 என்று தோற்றதும் விலகிக்கொண்டார்.

2024 ஏப்ரலில், ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பு ஊழல் விசாரணைகளில் சிக்கிப் பெயர் கெட்டுக் கிடந்தபோது, அதைக் கண்காணிக்க அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைமைக்கு அழைத்தது 73 வயது டெல் போஸ்கேவை. கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மறுபடியும் ஒரு அழைப்பு.

அந்தக் கோடையிலேயே ஸ்பெயின் மறுபடி யூரோவை வென்றது. பெர்லினில் இங்கிலாந்தை 2-1 என்று வென்ற அணியில், ஜோகன்னஸ்பர்க் அணியின் ஆள் ஒரே ஒருவர் மிச்சமிருந்தார். 38 வயது. பிரான்ஸுக்கு எதிரான அரையிறுதியில் வலது பின்களத்தில் எம்பாப்பேவின் பக்கத்தைக் காக்க இறங்கியவரும் அவர்தான். ஹெசூஸ் நவாஸ்.